கணவரின் தொற்று, மனைவியின் ஃபைல்

குழந்தைக்காகச் சிகிச்சைக்கு வரும் தம்பதிகளின் கையில் இருக்கும் ஃபைல்களைப் பாருங்கள். பெண்ணின் ஃபைல் தடித்திருக்கும். தைராய்டு, சர்க்கரை, ஏ.எம்.ஹெச். அளவு, மாதந்தோறும் நாள் கணக்குப் பார்த்து எடுத்த ஃபாலிக்கிள் ஸ்கேன்கள், கருக்குழாயில் சாயம் செலுத்தி எடுத்த எக்ஸ்ரே, மயக்க மருந்து கொடுத்துச் செய்த லேப்ராஸ்கோப்பியின் டிஸ்சார்ஜ் சம்மரி என்று அடுக்கடுக்காக இருக்கும். ஆணுக்கு இருப்பது ஒற்றைத் தாள். அதுவும் கல்யாணமாகி மூன்று நான்கு வருடம் போன பிறகு, 'அவரையும் ஒரு டெஸ்ட் எடுத்துட்டு வரச் சொல்லும்மா' என்று டாக்டர் அழுத்திச் சொன்னதால் எடுத்தது. சில ஃபைல்களில் அந்தத் தாளும் இருக்காது.

'ஏதும் விசேஷம் உண்டா?' என்ற கேள்வி பெண்ணிடம்தான் கேட்கப்படுகிறது. வளைகாப்பு வீட்டில் ஒதுங்கி உட்காருகிறவளும் அவள்தான். மருத்துவமும் பல இடங்களில் அதே வழக்கத்தில் பரிசோதனையை அவளிடமிருந்து தொடங்குகிறது. விந்துப் பரிசோதனைக்கு ஊசி கிடையாது, மயக்க மருந்து கிடையாது, செலவு சில நூறு ரூபாய். வலியும் செலவும் குறைந்த சோதனையைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, வலியும் செலவும் கூடியதை முதலில் செய்வதில் எந்த நியாயமும் இல்லை.

உலகில் வயதுவந்தவர்களில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒரு கட்டத்தில் குழந்தையின்மையைச் சந்திக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொன்னது. குழந்தையில்லாத தம்பதிகளில் சுமார் பாதிப் பேரிடம் ஆண் தரப்பிலும் ஒரு காரணம் இருக்கிறது. ஐந்தில் ஒரு பங்கினரிடம் ஆண் தரப்பு மட்டுமே காரணம். இவை பாடப்புத்தகத்தில் பல காலமாக இருக்கும் கணக்குகள். ஆனாலும் ஃபைல்களின் தடிமன் மாறவில்லை.

ஆண் தரப்புக் காரணங்கள் பல. விதைப்பையின் ரத்தக்குழாய்கள் புடைத்துக்கொள்ளும் வேரிகோசில், ஹார்மோன் குறைபாடு, மரபணுக் கோளாறு, சிகரெட், அடுப்படி வெப்பத்தில் நாள் முழுக்க நிற்கும் வேலை. எவ்வளவு தேடினாலும் காரணம் பிடிபடாதவர்களும் நிறைய. இந்தப் பட்டியலில் பாக்டீரியா தொற்று எண்ணிக்கையில் முதலிடத்தில் இல்லை. ஆனால், வராமல் தடுக்கக்கூடியது அது. வந்தாலும் ஆரம்பத்தில் பிடித்துவிட்டால் சில நாள் மாத்திரையில் முடிந்துபோவது. விட்டுவிட்டால், ஆணின் விந்துப்பாதையை அடைப்பதோடு நிற்காமல் மனைவியின் கருக்குழாயையும் அடைக்கக்கூடியது. அவருக்கு வந்த நோய் அவளுடைய ஃபைலில் பதிவாவது இப்படித்தான்.

அவையில் எடுபடாத உண்மை

இதை முதலில் உரக்கச் சொன்னவர் எமில் நோகெரத். ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா போய் நியூயார்க்கில் மகப்பேறு மருத்துவராக இருந்தவர். இளம் வயதில் வெட்டை நோய், அதாவது கொனோரியா வந்து 'குணமாகிவிட்டது' என்று நினைத்துக் கல்யாணம் செய்துகொண்ட ஆண்களின் மனைவிகள், திருமணத்துக்குப் பிறகு அடிவயிற்று வலியோடும் குழந்தையில்லாமலும் திரும்பத் திரும்பத் தன்னிடம் வருவதை அவர் கவனித்தார். ஆணுக்கு வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் நோய் உள்ளே பதுங்கியிருக்கிறது, அதுதான் மனைவிக்குப் போகிறது என்று 1872-ல் நூலாக எழுதினார். 1876-ல் அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் சங்கத்தில் இதையே கருத்தரிப்புத் திறனோடு இணைத்துக் கட்டுரையாகப் படித்தார். அவையில் இருந்தவர்கள் ஏற்கவில்லை. கெளரவமான குடும்பத்து ஆண்களைப் பற்றி இப்படிச் சொல்லலாமா என்ற தயக்கம் அந்தக் காலத்து மருத்துவர்களுக்கு இருந்திருக்கும்.

மூன்றே வருடத்தில், 1879-ல், ஆல்பர்ட் நைஸர் என்ற இளம் ஜெர்மானிய மருத்துவர் கொனோரியாவின் கிருமியை மைக்ராஸ்கோப்பில் கண்டுபிடித்தார். அவர் பெயரால்தான் அதற்கு நைஸீரியா என்று பெயர். நோகெரத் சொன்னது எல்லாம் அப்படியே சரி என்று சொல்ல முடியாது. எத்தனை ஆண்களுக்கு இந்த நோய் இருக்கிறது என்பதை அவர் மிகைப்படுத்தித்தான் மதிப்பிட்டார். ஆனால் அவர் சொன்னதன் மையம் நிலைத்துவிட்டது: குழந்தையில்லாத பெண்ணுக்குக் காரணம் தேடும்போது கணவரின் பழைய நோயைக் கேட்க வேண்டும். இன்றைக்கும் எத்தனை கன்சல்டிங் அறைகளில் அந்தக் கேள்வி கேட்கப்படுகிறது?

கொனோரியா ஆண்களிடம் பெரும்பாலும் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். உறவுக்குப் பின் சில நாட்களிலேயே சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், சீழ் கசிவு. ஓசையில்லாமல் வேலை செய்வது கிளமிடியா. 1907-ல் ஜாவா தீவில் ஹால்பர்ஸ்டேட்டர், ஃபான் ப்ரோவாசெக் என்ற இருவர் டிரக்கோமா என்ற கண்நோயை ஆராயும்போது கண்ணின் செல்களுக்குள் இதைப் பார்த்தார்கள். இது செல்லுக்குள் புகுந்துகொண்டுதான் பெருகும். அதனால் மற்ற பாக்டீரியாக்களைப் போலச் சாதாரணத் தட்டில் வளர்த்துக் காட்ட முடியாது. தொற்று உள்ள ஆண்களில் பெரும்பகுதியினருக்கு ஓர் அறிகுறியும் இருக்காது. வலி இல்லை, கசிவு இல்லை, காய்ச்சல் இல்லை. அவர் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார். மனைவிக்கு, அவளுக்கும் தெரியாமலே, கருக்குழாயின் உட்சுவர் தழும்பாகிக்கொண்டிருக்கும்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ம் ஆண்டுக் கணக்குப்படி உலகில் அந்த ஒரே வருடத்தில் சுமார் 12.9 கோடிப் பேருக்குப் புதிதாகக் கிளமிடியாவும், 8.2 கோடிப் பேருக்குக் கொனோரியாவும் வந்தன. இரண்டுமே மருந்தால் முழுமையாகக் குணமாகக்கூடியவை.

ஆறு மீட்டர் குழாய்

தொற்று ஆணின் உடம்பில் என்ன செய்கிறது என்று புரிய, விந்தணு வரும் பாதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். விதையில் உருவாகும் விந்தணு அங்கேயே முழுத் திறன் பெறுவதில்லை. விதையின் பின்புறம் ஒட்டியபடி எபிடிடிமிஸ் என்ற சுருள் இருக்கிறது. கைவிரலால் தொட்டுப் பார்த்தால் சில சென்டிமீட்டர் நீளம்தான் இருக்கும். உள்ளே இருப்பது ஒரே குழாய், சுருண்டு சுருண்டு மடங்கியது. பிரித்து நீட்டினால் ஏறக்குறைய 6 மீட்டர். இதைக் கடக்க விந்தணுவுக்குப் பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரை ஆகும். நீந்தக் கற்றுக்கொள்வது இந்தப் பயணத்தில்தான். அதன் பிறகு விந்துக்குழாய், விந்துப்பை, புராஸ்டேட் சுரப்பி எல்லாம் தாண்டி சிறுநீர் வரும் அதே வழியில் வெளியே வருகிறது.

கிருமி வருவது எதிர்த்திசையில். சிறுநீர்ப் பாதையில் தொற்றியது புராஸ்டேட் வழியாக மேலேறி, விந்துக்குழாய் வழியாக இறங்கி எபிடிடிமிஸுக்குள் போகிறது. விதைப்பை ஒரு பக்கம் வீங்கும், சிவக்கும், காய்ச்சல் வரும், நடக்க முடியாது. 35 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இது பெரும்பாலும் கிளமிடியா அல்லது கொனோரியாவால் வருவது. அந்த வயதைத் தாண்டியவர்களுக்குப் பெரும்பாலும் சிறுநீர்த் தொற்றை உண்டாக்கும் ஈ.கோலை. சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாதவர்கள், புராஸ்டேட் பெருத்துச் சிறுநீர் முழுதாக வெளியேறாதவர்கள், சமீபத்தில் சிறுநீர்ப் பாதையில் டியூப் போட்டிருந்தவர்கள் இந்த வகையில் வருகிறார்கள். வயதானவர் விஷயம்தானே என்று இதை விட்டுவிட முடியாது. சர்க்கரை நோய் முப்பதுகளிலேயே வரும் ஊர் நம்முடையது.

மருந்தில் வீக்கம் வடிந்துவிடும். வடிந்த இடத்தில் தழும்பு மிஞ்சினால்தான் சிக்கல். ஒரு மில்லிமீட்டர் அகலம்கூட இல்லாத குழாய் அது. ஒரு பக்கம் அடைத்தால் மறுபக்கம் சமாளிக்கும். இரண்டும் அடைத்தால், விதை வழக்கம்போல விந்தணுவை உற்பத்தி செய்துகொண்டே இருக்கும், வெளியே ஒன்றுகூட வராது. ரிப்போர்ட்டில் 'அஸூஸ்பெர்மியா', கவுன்ட் நில் என்று எழுதியிருக்கும்.

அதைக் கையில் வாங்கும் ஆணுக்கு நம்பவே முடியாது. அவருடைய தாம்பத்தியத்தில் எந்தக் குறையும் இருந்திருக்காது. வெளிவரும் விந்தின் அளவிலும் மாற்றம் தெரிந்திருக்காது. விந்து நீரின் பெரும்பகுதி விந்துப்பையிலிருந்தும் புராஸ்டேட்டிலிருந்தும் சுரப்பது. விந்தணுக்களின் பங்கு அதில் மிகச் சொற்பம். அவை அறவே இல்லாவிட்டாலும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. 'எனக்கு ஆண்மையில் குறையில்லை, அதனால் டெஸ்ட் தேவையில்லை' என்று சொல்கிற ஒவ்வொரு கணவரும் தெரிந்துகொள்ள வேண்டிய உடற்கூற்று உண்மை இது. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

அடைப்பை நீக்கும் முயற்சி பழையது. 1902-ல் பிலடெல்ஃபியாவில் எட்வர்ட் மார்ட்டின் என்ற அறுவை மருத்துவர், வெட்டை நோயால் எபிடிடிமிஸ் அடைபட்டுப்போன ஒருவருக்கு, அடைப்பைத் தாண்டிய இடத்தில் விந்துக்குழாயை மெல்லிய வெள்ளிக் கம்பியால் தைத்து இணைத்தார். விந்தணு மீண்டும் வந்தது. அந்தத் தம்பதிக்குக் குழந்தையும் பிறந்தது. பென்சிலின் வருவதற்கு நாற்பது வருடத்துக்கு முன்னால் நடந்தது இது. இன்று அதே அறுவையை மைக்ராஸ்கோப்புக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத நூலில் செய்கிறார்கள். தேர்ந்த கைகளில் பலருக்குப் பலன் தருகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. வளரும் பையனுக்கோ இளைஞனுக்கோ திடீரென்று விதையில் கடும் வலி வந்தால் அதை இன்ஃபெக்‌ஷன் என்று நினைத்து மாத்திரை கொடுத்துப் படுக்கவைக்காதீர்கள். விதை முறுக்கிக்கொண்டதாகவும் இருக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் அறுவை செய்து முறுக்கை அவிழ்க்காவிட்டால் விதையையே இழக்க நேரும். வெட்கப்பட்டு இரவு முழுவதும் சொல்லாமல் இருக்கும் பையன்களுக்குத்தான் இந்த இழப்பு அதிகம். எந்த நேரமானாலும் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டிய வலி அது.

மெடிக்கல் ஷாப்பும் லாட்ஜ் அறையும்

எரிச்சலோடு சீழ் கசியும் இளைஞன் முதலில் எங்கே போகிறான்? சொந்த ஊரில் தெரிந்த டாக்டரிடம் போகமாட்டான். வேலை பார்க்கும் ஊரில், ஆள் இல்லாத நேரம் பார்த்து மெடிக்கல் ஷாப்பில் தயங்கி நிற்பான். 'ஒண்ணுக்குப் போனா எரியுது' என்பான். சூடு என்று சொல்லி ஒரு பாக்கெட் சிரப்பும் நாலு மாத்திரையும் கிடைக்கும். எரிச்சல் இரண்டு நாளில் குறையும். மிச்ச மாத்திரை பர்ஸிலேயே கிடக்கும். அறிகுறி போய்விட்டது, கிருமி போகவில்லை.

கொனோரியா மருந்துகளை ஒவ்வொன்றாக வென்று வந்த கிருமி. 1930-களில் வந்த சல்ஃபா மருந்துகள் சில வருடங்களிலேயே அதனிடம் தோற்றன. பென்சிலினைச் சிதைக்கும் வகைகள் 1976-ல் கண்டறியப்பட்டன. பிறகு டெட்ராசைக்ளின், அதன் பிறகு சிப்ரோஃப்ளாக்சசின். இன்று நம்பி நிற்பது பெரும்பாலும் செஃப்ட்ரியாக்சோன் ஊசியையும் அதன் வகையைச் சேர்ந்த மாத்திரைகளையும்தான். கடைக்காரர் கைக்கு வந்த பழைய மாத்திரை இதில் ஒன்றும் செய்யப்போவதில்லை.

அரசு மருத்துவமனைகளில் பால்வினை நோய்ப் பிரிவு இருக்கிறது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில், அறிகுறியை வைத்தே நிறம் பிரித்த மருந்துப் பொட்டலம் இலவசமாகத் தருகிறார்கள். சீழ் கசிவோடு வருபவருக்கான சாம்பல் நிறப் பொட்டலத்தில் கொனோரியாவுக்கும் கிளமிடியாவுக்கும் சேர்த்தே மருந்து இருக்கிறது. இரண்டும் ஒன்றாக வருவது சாதாரணம் என்பதால் இந்த ஏற்பாடு. சென்னை மருத்துவக் கல்லூரியில் இந்த நோய்களுக்கென்றே தனி நிலையம் பல பத்தாண்டுகளாக இயங்குகிறது. காசு கொடுத்து ஏமாறுவதற்கு முன் கதவு திறந்திருக்கும் இடங்கள் இவை.

ஏமாற்றும் இடங்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். மாதத்தில் குறிப்பிட்ட தேதியில் ஊருக்கு வந்து, லாட்ஜில் அறை போட்டு, ஆண்மைக்குறைவுக்கும் குழந்தையின்மைக்கும் ஒரே லேகியம் கொடுப்பவர்களின் போஸ்டர் பஸ் ஸ்டாண்டுச் சுவர்களில் இன்றும் ஒட்டப்படுகிறது. அங்கே விந்துப் பரிசோதனை கிடையாது, விதையைத் தொட்டுப் பார்ப்பது கிடையாது. சுய இன்பத்தால் வந்தது என்று பயமுறுத்தி ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொள்கிறார்கள். தொற்றோடு அங்கே போகும் ஒருவர் இழப்பது பணத்தை மட்டும் அல்ல. குழாய் அடைபடாமல் காப்பாற்றியிருக்கக்கூடிய மாதங்களையும்தான். இதை அனுமதித்துக்கொண்டிருப்பது நம் சுகாதார நிர்வாகத்தின் பெரிய குறை என்று நினைக்கிறேன்.

இருமல் இல்லாத காசநோய்

இந்தியாவில் ஆண்களின் குழந்தையின்மையைப் பேசும்போது காசநோயைத் தனியாகப் பேசியாக வேண்டும். உலகக் காசநோயாளிகளில் சுமார் நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். 1882 மார்ச் 24 அன்று ராபர்ட் காக் அறிவித்த அந்தக் கிருமி நுரையீரலோடு நிற்பதில்லை. ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்துக்கும், புராஸ்டேட்டுக்கும், எபிடிடிமிஸுக்கும் போகிறது. எப்போதோ வந்து அடங்கிய தொற்று பல வருடம் கழித்து இங்கே தலைகாட்டும்.

இந்த நோயாளி இருமமாட்டார். எடை குறையாமலும் இருக்கலாம். விதைப்பையில் வலி இல்லாத கெட்டியான ஒரு வீக்கம், சில சமயம் தோலில் புண் திறந்து சிறு கசிவு. பெரும்பாலும் அதுவும் இல்லை. குழந்தை இல்லை என்று வந்த இடத்தில்தான் முதல் தடயம் கிடைக்கிறது, அதுவும் மருத்துவர் கையால் தொட்டுப் பார்த்தால். நலமான விந்துக்குழாய் விரல்களுக்கு இடையில் ஒரே சீரான கயிறாகத் தட்டுப்படும். காசநோய் பிடித்த குழாய் இடைவெளி விட்டு முடிச்சு விழுந்து, நூலில் கோத்த மணிமாலையாக உருளும். ஒரு நிமிடம்கூட ஆகாத இந்தப் பரிசோதனைதான் பல மையங்களில் தவறிப்போகிறது. ஆண் 'சாம்பிள் கொடுக்க' மட்டும் அழைக்கப்படுகிறார். அவரைப் படுக்கவைத்து யாரும் பார்ப்பதில்லை.

மற்ற தடயங்களும் உண்டு. சிறுநீரில் சீழ் செல்கள் இருக்கும். சாதாரணக் கல்ச்சரில் எந்தக் கிருமியும் வளராது. விந்தின் அளவு 1.5 மில்லிக்கும் கீழே குறைந்து, விந்துப்பை சுரக்கும் ஃப்ரக்டோஸ் என்ற சர்க்கரை அதில் இல்லாமல் போகும். விந்துப்பையும் குழாயும் சேருமிடம் தழும்பாகி அடைத்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். அதிகாலைச் சிறுநீரை அடுத்தடுத்து மூன்று நாள் எடுத்துச் சோதிப்பதும், சிபிநாட் என்ற மரபணுச் சோதனையும் துணைக்கு வரும். ஒரு சோதனையில் இல்லை என்று வந்தால் நோயே இல்லை என்று விட்டுவிட முடியாத பிடிவாதக்காரக் கிருமி இது.

மருந்து கிடைக்கிறது, இலவசமாகக் கிடைக்கிறது. சென்னையில் 1956-ல் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம்தான், நோயாளியைச் சானடோரியத்தில் மாதக்கணக்கில் அடைத்துவைக்கத் தேவையில்லை, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டுக் குணமாகலாம் என்று 1959-ல் வெளியிட்ட ஆய்வில் உலகத்துக்குக் காட்டியது. இன்று ஆறு மாத மருந்தில் இந்தக் காசநோயும் குணமாகிறது.

ஆனால் மனம் உடையும் இடம் ஒன்று இருக்கிறது. மருந்து கிருமியைக் கொல்லும், தழும்பை அழிக்காது. சில சமயம் புண் ஆறும்போதுதான் குழாய் சுருங்கி முழுதாக அடைகிறது. ஒரே இடத்தில் அடைத்தால் வெட்டி இணைக்கலாம். காசநோய் பல இடங்களில் அடைப்பதால் அறுவை பெரும்பாலும் கைகொடுப்பதில்லை. விதையிலிருந்தோ எபிடிடிமிஸிலிருந்தோ ஊசியால் விந்தணுவை எடுத்து, ஒற்றை விந்தணுவை ஒற்றைக் கருமுட்டைக்குள் செலுத்தும் இக்ஸி முறைதான் வழி. 1992-ல் பிரஸ்ஸல்ஸில் ஜான்பியெரோ பலேர்மோ குழுவினர் இதை உலகுக்கு அறிவிக்கும் வரை இப்படிப்பட்ட ஆண்களுக்குத் தன் ரத்தத்தில் குழந்தை என்பது முடிந்துபோன கதையாக இருந்தது. இன்று முடியும். ஆனால் செலவு லட்சத்தைத் தாண்டுகிறது. ஆறு மாத இலவச மருந்தில், வீக்கம் சிறிதாக இருக்கும்போதே முடித்திருக்கக்கூடிய விஷயத்துக்கு ஒரு குடும்பம் நகையை அடகு வைக்கிறது.

பெண்ணுக்குக் கருக்குழாய் அடைப்பு என்றால் நம் மருத்துவர்கள் உடனே காசநோயைச் சந்தேகிக்கிறார்கள், நல்லது. ஆணுக்குக் கவுன்ட் நில் என்று வந்தால் அதே சந்தேகம் அதே வேகத்தில் வரவேண்டும்.

காசநோயின் உறவுக்காரக் கிருமியான தொழுநோய்க் கிருமி வேறு விதமாகத் தாக்குகிறது. அதற்குக் குளிர்ந்த இடம் பிடிக்கும். அதனால்தான் மூக்கு, காது மடல், கைகால் நரம்பு என்று உடம்பின் ஓரங்களைத் தேடுகிறது. விதைப்பை உடம்பை விட இரண்டு முதல் நான்கு டிகிரி குளிர்ச்சி. விந்தணு உற்பத்திக்கே அந்தக் குளிர்ச்சி தேவை. உடம்பெங்கும் கிருமி பரவிய வகைத் தொழுநோயில் விதை மெல்ல மெல்லச் சுருங்கி உற்பத்தியே நின்றுவிடுகிறது. தோலில் உணர்ச்சியற்ற தேமலைப் பார்த்தவுடன் போய்க் காட்டினால், இலவசக் கூட்டு மருந்தில் இதெல்லாம் தவிர்க்கக்கூடியது. வேலூர் பக்கத்துக் கரிகிரியில் 1955-லிருந்து இந்த நோய்க்கான ஆராய்ச்சி மையம் இருக்கும் மாநிலம் நம்முடையது.

ஆடு மாடு வளர்ப்பவர்கள், கால்நடைப் பிரசவம் பார்ப்பவர்கள், இறைச்சிக் கூடத்தில் வேலை செய்பவர்கள் புருசெல்லா என்ற பெயரைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. விட்டு விட்டு வரும் காய்ச்சல், மூட்டு வலி, கூடவே விதை வீக்கம் என்றால் தொழிலை மருத்துவரிடம் சொல்லுங்கள். பாலைக் காய்ச்சிக் குடிக்கும் வழக்கம் நம்மைப் பெரிதும் காப்பாற்றுகிறது. சினைக்கழிவைக் கையுறை இல்லாமல் அள்ளுவதுதான் ஆபத்து.

சீழ் செல்கள் 10–12

தொற்றைக் கவனிக்காமல் விடுவது ஒரு தவறு என்றால், இல்லாத தொற்றுக்கு மருந்து கொடுப்பது இன்னொரு தவறு. இரண்டாவதும் இங்கே தாராளமாக நடக்கிறது.

மனித விந்தணுவை உலகம் முதன்முதலில் பார்த்ததே வெட்டை நோயாளி ஒருவரின் சாம்பிளில்தான். 1677-ல் ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரில் லேவன்ஹூக்கிடம் யோஹன் ஹாம் என்ற மருத்துவ மாணவர் அதைக் கொண்டுவந்தார். வாலோடு நெளியும் உயிர்கள் நோயால், அழுகலால் உண்டானவை என்று ஹாம் நினைத்தார். நலமாக இருப்பவரின் விந்திலும் அவை உண்டு என்று லேவன்ஹூக் பார்த்துச் சொன்னார். அதற்கு முந்தைய வருடம்தான் அதே லேவன்ஹூக், மிளகு ஊறிய தண்ணீரில் பாக்டீரியாக்களைப் பார்த்து எழுதியிருந்தார். விந்தில் தெரிவதெல்லாம் நோய் அல்ல என்ற பாடம் அந்த முதல் நாளிலிருந்தே இருக்கிறது.

இன்றைய ரிப்போர்ட்டில் 'பஸ் செல்ஸ் 10–12' என்று ஒரு வரி இருந்தால் உடனே மூன்று வார ஆன்டிபயாட்டிக் எழுதப்படுகிறது. அந்த வரி நம்பகமானதா என்று முதலில் கேட்க வேண்டும். வளர்ந்து முடிக்காத விந்தணுச் செல்களும் வெள்ளணுக்களும் சாதாரண மைக்ராஸ்கோப்பில் உருண்டையாக ஒன்றுபோலவே தெரியும். பெராக்சிடேஸ் என்ற சாயச் சோதனை செய்தால்தான் பிரித்தறிய முடியும். உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வகக் கையேடு ஒரு மில்லிக்குப் பத்து லட்சம் வெள்ளணுக்களை எல்லையாக வைத்திருக்கிறது. எத்தனை லேப்கள் அந்தச் சாயத்தைப் போடுகின்றன என்று உங்கள் ஊரில் விசாரித்துப் பாருங்கள்.

கல்ச்சர் விஷயமும் இப்படித்தான். சாம்பிள் கொடுக்கப் பல இடங்களில் தனி அறை கிடையாது, ஆஸ்பத்திரிக் கழிவறையைக் காட்டுகிறார்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல், முதலில் சிறுநீர் கழிக்காமல், அவசரத்தில் எடுத்த சாம்பிளில் தோலின் பாக்டீரியாக்கள் வளரும். அதற்கு மருந்து சாப்பிடுவார் மனிதர். மறுபுறம், 'நோ க்ரோத்' என்று வந்தால் தொற்றே இல்லை என்று நிம்மதியாகிவிடவும் முடியாது. கிளமிடியா, மைக்கோபிளாஸ்மா, காசநோய் மூன்றும் அந்தத் தட்டில் வளராது. கிளமிடியாவுக்கு, முதலில் வரும் சிறுநீரை எடுத்து மரபணுச் சோதனை செய்ய வேண்டும்.

உண்மையான தொற்று இருந்தால் விந்தணு பாதிக்கப்படுவதில் சந்தேகமில்லை. ஈ.கோலை விந்தணுவின் மேல் ஒட்டிக்கொண்டு கொத்துக் கொத்தாகச் சேர்த்து நகரவிடாமல் செய்யும் என்பது ஆய்வகத்தில் பார்த்த விஷயம். கிருமியோடு போராட வரும் வெள்ளணுக்கள் வெளியிடும் வீரியமான ஆக்சிஜன் பொருட்கள் விந்தணுவின் மெல்லிய சவ்வையும் உள்ளிருக்கும் டி.என்.ஏ.-வையும் அரிக்கின்றன. ஆக்சிஜன் அதிகமானால் விந்தணு நீந்தும் திறனை இழக்கிறது என்று ஜான் மெக்லியோட் 1943-லேயே எழுதினார். ஆனால் அறிகுறி இல்லாதவருக்கு, சில வெள்ளணுக்களை மட்டும் வைத்து ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் ரிப்போர்ட் அழகாகலாம், கருத்தரிப்பு கூடும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. நைட்ரோஃப்யூரன்டாயின் போன்ற சில மருந்துகள் அதிக அளவில் விந்தணு உற்பத்தியையே தற்காலிகமாக நிறுத்திவிடும். எந்தக் கிருமிக்கு இந்த மருந்து, எத்தனை நாள் என்று டாக்டரிடம் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

மாதம் ஒருமுறை டெஸ்ட் எடுத்து மனம் நொந்துபோகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு விந்தணு உருவாகி முடிக்கச் சுமார் 74 நாள், அதோடு எபிடிடிமிஸ் பயணம். சிகிச்சையின் பலன் தெரிய மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். ஒரே ரிப்போர்ட்டை வைத்து முடிவும் கட்டக்கூடாது. இரண்டு முதல் ஏழு நாள் உறவு இல்லாமல் இருந்து, வேறு ஒரு நாளில் இன்னொன்று எடுக்க வேண்டும். ஒரு காய்ச்சல் வந்தாலே அடுத்த இரண்டு மூன்று மாதக் கவுன்ட் சரிந்துவிடும்.

இருவருக்கும் ஒரே நாளில்

பால்வினைத் தொற்று என்று உறுதியான பிறகு வரும் கட்டம்தான் மருத்துவர்களுக்கும் சங்கடமானது. 'மாத்திரை குடுங்க டாக்டர், வீட்ல மட்டும் சொல்லிடாதீங்க' என்பார் கணவர். அவர் மட்டும் மருந்து சாப்பிட்டால், மனைவியிடம் இருக்கும் கிருமி சில வாரத்தில் அவருக்கே திரும்பி வரும். அவளுடைய கருக்குழாயில் நடக்கும் சேதம் நிற்காமல் தொடரும். இதில் பயத்துக்கு ஓரளவு மருந்து உண்மையிலேயே இருக்கிறது: கிளமிடியா அறிகுறியே இல்லாமல் நீண்ட காலம் உடம்பில் தங்கக்கூடியது. எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று டெஸ்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. கல்யாணத்துக்கு முன் நடந்த ஒன்றாகவும் இருக்கலாம். இதைப் பொறுமையாக இருவரையும் உட்காரவைத்துச் சொல்லும் மருத்துவர் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றுகிறார். மனைவிக்கு 'வைட்டமின்' என்று சொல்லி மாத்திரையைக் கொடுப்பதை ஏற்க முடியாது. அது அவளுடைய உடம்பு. என்ன மருந்து, எதற்கு என்று தெரிந்துகொள்ளும் உரிமை அவளுக்கு இருக்கிறது. அவளுக்குப் பென்சிலின் அலர்ஜி இருக்கிறதா, இந்த மாதம் நாள் தள்ளிப்போயிருக்கிறதா என்று கேட்காமல் அந்த மருந்தைக் கொடுக்கவும் கூடாது. கர்ப்பமாக இருந்தால் டாக்ஸிசைக்ளினைத் தவிர்த்து வேறு மருந்துக்கு மாற வேண்டும்.

இருவரும் ஒரே நாளில் தொடங்க வேண்டும், கடைசி மாத்திரை வரை முடிக்க வேண்டும். ஒரே வேளை மருந்தாக இருந்தால் அன்றிலிருந்து ஏழு நாள், ஏழு நாள் மருந்தாக இருந்தால் அது முடியும் வரை உறவைத் தவிர்க்க வேண்டும். கூடவே ஹெச்.ஐ.வி., சிஃபிலிஸ் சோதனை இருவருக்கும். அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையத்தில் ஹெச்.ஐ.வி. சோதனைக்குக் காசு கிடையாது, விவரம் வெளியே போகாது. மூன்று மாதம் கழித்து இருவரும் மறுபடி கிளமிடியா சோதனைக்குப் போக வேண்டும். கணவரின் அடுத்த விந்துப் பரிசோதனையும் அதே நாளில் எடுக்கலாம். அதற்குள் மனைவிக்கு லேப்ராஸ்கோப்பி தேதி குறித்திருந்தால், அந்த ரிப்போர்ட் வரும்வரை அதைத் தள்ளிவைக்க முடியுமா என்று கேளுங்கள். கேட்பது கணவராக இருக்கட்டும்.